ஆரை: ஒரு பெரணியும் அதன் பெயர்களும்

தமிழ் வகுப்பில் உட்கார்ந்த எவருக்கும் அந்தக் கதை தெரியும். ஔவையாரை மட்டம்தட்ட நினைத்த கம்பர் ஒரு விடுகதை போடுகிறார். தாங்கி நிற்பது ஒரே கால், மேலே விரிந்திருக்கும் பந்தலுக்கு இலை நான்கு. அது எது என்பது கேள்வி. கேள்வி எளியது. ஆனால் ஒரு மூத்த பெண்பாற் புலவரிடம் கேட்கும்போது சொல்லுக்குச் சொல் 'அடீ' என்று முடித்ததுதான் ஔவைக்குப் பொறுக்கவில்லை. பதிலுக்கு ஒரு வெண்பா பாடினார். அதன் முதல் வசையான 'எட்டேகால் லட்சணமே' தமிழ் எண்குறிகளால் ஆனது. எட்டுக்குக் குறி 'அ', காலுக்குக் குறி 'வ'. இரண்டையும் சேர்த்தால் 'அவ' என்று வரும், அதன் பின்னால் 'லட்சணம்' ஒட்டிக்கொள்ளும். கடைசி அடியில் விடை இருக்கிறது. 'யாரை' என்ற சொல் பேச்சில் 'ஆரை' என்று ஒலிக்கும். யாரைப் பார்த்து இப்படிச் சொன்னாய் என்று அதட்டுவதும், நீ சொன்ன செடி ஆரை என்று விடை சொல்வதும் ஒரே தொடருக்குள் நடக்கிறது.

கம்பரும் ஔவையும் நேருக்கு நேர் மோதினார்கள் என்பது தனிப்பாடல் மரபு சொல்லும் கதை. வரலாறு அதற்குச் சாட்சி சொல்லாது. ஆனால் அந்தக் கதை வேறொன்றுக்குச் சாட்சி சொல்கிறது. கேட்பவர்கள் எல்லோரும் அந்தச் செடியைப் பார்த்திருந்தால்தான் அந்த விடுகதை செல்லுபடியாகும். வயலில் இறங்கியவர், குளத்தில் குளித்தவர், கீரை பறித்தவர் என்று அவையில் இருந்த அத்தனை பேருக்கும் ஆரை கண்ணால் கண்ட பொருளாக இருந்திருக்கிறது. இன்று சிலேடையை விளக்கும் ஆசிரியர்களில் எத்தனை பேர் செடியைக் காட்ட முடியும்? பாட்டு பிழைத்துக்கொண்டது, செடி நினைவிலிருந்து நழுவிவிட்டது. இந்த அத்தியாயம் அந்தச் செடிக்கானது.

முதலில் விடுகதையைத் தாவரவியல் கண்ணால் சரிபார்த்துவிடலாம். 'கால்' என்பது இலைக்காம்பு. 'நான்கு இலை' என்பது உண்மையில் ஒரே இலையின் நான்கு சிற்றிலைகள். உற்றுப் பார்த்தால் நான்கும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதில்லை. இரண்டு இரண்டாக, ஒரு சோடி மற்றதைவிட இம்மியளவு உயரத்தில் அமைந்திருக்கும். குளோவர் என்று மேலைநாட்டார் சொல்லும் மூவிலைச் செடியில் நான்கு இலை கிடைப்பது அபூர்வம், அதைக் கண்டெடுப்பது அங்கே நல்ல சகுனம். ஆரையிலோ நான்குதான் விதி. செடியின் உண்மையான தண்டு கண்ணில் படாது. அது சேற்றுக்குள்ளும் சேற்றின் மேலும் கிடைமட்டமாக ஊர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, அங்கங்கே காம்புகளை மேலே அனுப்புகிறது. குளம் நிறைந்திருந்தால் காம்பு நீண்டு, நீர்மட்டம் வரை எட்டி, இலையைப் பரப்பி மிதக்கவிடும். நீர் வடிந்தால் அடுத்து வரும் இலைகள் குட்டையான, விறைப்பான காம்பில் நிமிர்ந்து நிற்கும். மிதக்கும் இலைக்கு மேற்புறத்தில் மட்டும் இலைத்துளைகள். நிமிர்ந்த இலைக்கு இருபுறமும். எந்த வகை இலை வேண்டும் என்பதைச் செடி எப்படி முடிவு செய்கிறது? நீல நிற ஒளியும் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனும் தனித்தனியாகவே இந்த மாற்றத்தைத் தூண்ட வல்லவை என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். நீருக்கு வெளியே வந்துவிட்டோம் என்ற செய்தியைச் செடி வெளிச்சத்தின் நிறத்திலிருந்தும் படித்துக்கொள்கிறது.

இளம் இலையைப் பார்த்தால் ஆரையின் குடும்ப ரகசியம் வெளிப்படும். அது விரிவதற்கு முன் நுனியிலிருந்து உட்புறமாகச் சுருண்டிருக்கும். அப்படிச் சுருண்டு பிறப்பது பெரணிகளின் அடையாளம். ஆம், ஆரை ஒரு பெரணி. மலைச்சரிவில் இறகு இறகாக வளரும் பெரணிகளின் உறவுச் செடி இங்கே நெல்வயலில் கீரையாக வளர்கிறது. அதற்குப் பூ கிடையாது, விதை கிடையாது. நம் நாட்டுக் கீரைக்கட்டில் இருக்கும் ஏறத்தாழ எல்லாமே பூக்கும் தாவரங்கள்தான், ஆரை விதிவிலக்கு.

விதை இல்லாத செடி வறட்சியை எப்படித் தாண்டுகிறது? இங்கேதான் ஆரை எனக்கு வியப்பூட்டுகிறது. குளம் வற்றத் தொடங்கும்போது இலைக்காம்பின் அடியில், மிளகைவிடச் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ, அவரை விதை வடிவில் கருமையான கட்டிகள் தோன்றும். தாவரவியல் நூல்களில் அவற்றின் பெயர் ஸ்போரோகார்ப். கிராமத்தில் காய் என்றால் புரியும். இலையின் ஒரு பகுதியே மடிந்து, ஓடுபோல் இறுகி, ஸ்போர்கள் என்ற இனப்பெருக்கத் துகள்களை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட அமைப்பு அது. நகத்தால் கீறினால் கீறல் விழாது. உலர்மாதிரித் தொகுப்பில் பல பத்தாண்டுகள் ஒட்டிவைக்கப்பட்டிருந்த காய்கள்கூட நீரில் போட்டபின் உயிர்த்திருக்கின்றன. நீர்ப்பறவைகள் விழுங்கினாலும் சில காய்கள் சேதமில்லாமல் வெளியேறுகின்றன. ஒரு குளத்துச் செடி இன்னொரு குளத்துக்குப் போக அதுவும் ஒரு வழி.

அந்த ஓட்டின் விளிம்பைப் பிளேடால் லேசாகச் சீவி, ஒரு தட்டில் நீர் ஊற்றிப் போட்டுப் பாருங்கள். நீர் உள்ளே புகுந்ததும் ஓடு இரண்டாகப் பிளந்து, உள்ளிருந்து ஒளி ஊடுருவும் பசைவடம் ஒன்று புழுவைப்போல் நெளிந்து வெளியே நீளும். காயைவிடப் பல மடங்கு நீளும் அந்த வடத்தின் இருபுறமும் ஸ்போர்ப் பைகள் வரிசை கட்டியிருக்கும். அவற்றில் பெரிய ஸ்போர்கள் பெண் வகை, பொடி ஸ்போர்கள் ஆண் வகை. பிறகு எல்லாம் மணிக்கணக்கில் நடந்து முடிகிறது. வட அமெரிக்காவின் மார்சிலியா வெஸ்டிடா என்ற இனத்தில், நீரில் நனைந்த ஆண் ஸ்போர் ஏறத்தாழ 11 மணி நேரத்தில் நீந்தும் விந்தணுக்களை வெளிவிடுகிறது. திருகுபோல் சுருண்ட ஒவ்வொரு விந்தணுவிலும் நூற்றுக்கு மேற்பட்ட கசையிழைகள். அவற்றை அடித்துக்கொண்டு அது பெண் ஸ்போரைச் சூழ்ந்த பசைக்குள் நீந்துகிறது. நீர் எப்போது வரும், எவ்வளவு நாள் நிற்கும் என்று தெரியாத நிலத்தில் வாழும் செடிக்கு இத்தனை அவசரம் தேவைதான். ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும், ஒரே நாளில் குடும்பம் தொடங்கவும் அதற்குத் தெரியும்.

இந்தக் காயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசியாவில் ஆரை என்றால் இலை. வேறொரு கண்டத்தில் அதே பேரினத்துக்குப் பெயர் வைத்தவர்கள் இலையை விட்டுவிட்டுக் காயைத்தான் உணவாகப் பார்த்தார்கள்.

தமிழில் 'ஆரை'க்குச் செடியைத் தவிர வேறு பொருள்களும் உண்டு. கோட்டை மதில் ஒரு பொருள். நாமக்கல்லின் பழைய பெயர் ஆரைக்கல்; மேலே கோட்டை நிற்கும் அந்தப் பாறையைப் பார்த்தவருக்கு மதில் என்ற பொருள் உடனே மனதில் தோன்றும். சக்கரத்தின் ஆரக்கால் இன்னொரு பொருள். இலங்கைத் தமிழ் மாணவர்கள் இன்றும் கணக்குப் பாடத்தில் வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புவரை உள்ள தூரத்தை 'ஆரை' என்றே படிக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது 'ஆரம்'. நான்கு சிற்றிலைகள் வட்டமாக விரிந்து, ஒவ்வொன்றிலும் நரம்புகள் விசிறிபோல் பிரிந்து விளிம்பை நோக்கி ஓடும் இலையை மேலிருந்து பார்த்தால், சக்கரத்து ஆரைக்கும் கீரை ஆரைக்கும் உறவு சொல்ல நாக்கு துடிக்கும். வடிவம் பொருந்துகிறது என்பதற்காக வேர்ச்சொல் ஒன்றாகிவிடாது. ஆகவே அதைப் பொருத்தம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நேர்மை.

ஊர்ப்பெயரில் செடி தெளிவாகவே நிற்கும் இடமும் உண்டு. மட்டக்களப்புக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் ஆரையம்பதியின் பழைய பெயர் ஆரைப்பற்றை. ஆரை மண்டிக் கிடந்த இடம் என்று அந்த ஊர்க்காரர்கள் பொருள் சொல்கிறார்கள். ஒரு பக்கம் வாவி, தாழ்ந்த ஈரநிலம் என்று இருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடச் சுவையானது, ஆரை என்ற சொல் தமிழில் தனியாக நிற்பதில்லை என்பதுதான். வல்லாரை, புளியாரை என்று இன்னும் இரண்டு கீரைகள் அதே சொல்லைத் தாங்கி நிற்கின்றன. வல்லாரை கொத்தமல்லியோடும் கேரட்டோடும் உறவுள்ள பூக்கும் செடி. புளியாரை அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத இன்னொரு குடும்பம். ஆக்சாலிக் அமிலத்தால் புளிக்கும் மூவிலைச் செடி. ஆரையோ பெரணி. பெரணிகளின் மூதாதையும் பூக்கும் செடிகளின் மூதாதையும் பிரிந்து முப்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பரிணாம மரத்தில் இந்த மூன்றையும் ஒன்றாக வைக்க எந்த நியாயமும் இல்லை. ஆனால் குனிந்து கீரை பறிப்பவர் கண்ணுக்கு மூன்றும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. ஈரத் தரையில் தண்டு படர்கிறது, கணுவில் வேர் விடுகிறது, கணுவிலிருந்து ஒரு நீண்ட காம்பு எழுந்து தலையில் ஓர் இலையைச் சுமக்கிறது. மேலே இருப்பது நான்கு இலையா, மூன்றா, சிறுநீரக வடிவில் ஒன்றா என்பது உட்பிரிவு. வளரும் விதத்தைப் பார்த்துக் குடும்பம் பிரித்திருக்கிறார்கள் நம் முன்னோர். இது அறியாமையால் வந்த குழப்பம் அல்ல. வேறொரு கேள்விக்குச் சொன்ன சரியான விடை. தாவரவியலாளர் இவை யாருக்குப் பிறந்தன என்று கேட்கிறார். கீரை பறிப்பவர் இவற்றை எங்கே தேடுவது, எப்படிக் கிள்ளுவது என்று கேட்கிறார்.

இதே வகைபிரிப்பு கடல் கடந்தும் நடந்திருக்கிறது. இந்தோனேசியாவில் ஆரைக்குப் பெயர் செமாங்கி. வல்லாரையின் தோற்றம் கொண்ட, அதற்கு நெருங்கிய ஒரு சிறு படர்செடிக்கு அங்கே 'மலைச் செமாங்கி' என்று பெயர். தமிழரும் ஜாவாக்காரரும் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே ஒரே வரிசையில் செடிகளை அடுக்கியிருக்கிறார்கள். சுராபாயா நகரில் செமாங்கிதான் ஊர் உணவு. அவித்த ஆரை இலையின் மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலையும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்த கெட்டிக் குழம்பை ஊற்றி, அரிசி அப்பளத்தால் அள்ளிச் சாப்பிடுகிறார்கள். முதுகில் கூடை கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கும் பெண்கள் அந்த ஊரின் அடையாளம். ஜகார்த்தாவில் 1960களின் தொடக்கத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டிய பெரிய சாலைச் சந்திப்பை மேலிருந்து பார்த்தால் நான்கு வளைவுகள் நான்கு சிற்றிலையாகத் தெரியும். அதன் பெயரும் செமாங்கிதான்.

நான்கு என்ற எண்ணைப் பலரும் தவறவிடவில்லை. இந்தியில் அது சௌபதியா, நாலிலைக்காரி. லின்னேயஸ் 1753-இல் இட்ட சிற்றினப் பெயர் குவாட்ரிபோலியா, அதுவும் நாலிலைதான். சீனத்திலும் ஜப்பானிலும் இதை வயல் எழுத்துப் புல் என்கிறார்கள். சீன எழுத்தில் வயலைக் குறிக்கும் குறி, ஒரு சதுரத்துக்குள் கூட்டல் அடையாளம் போட்டது. வரப்பால் நான்காகப் பிரிந்த வயலின் படம் அது. வயலில் முளைக்கும் களை தன் இலையில் வயல் என்றே எழுதி வைத்திருக்கிறது! சீனர்களின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷி ஜிங்கில் ஓடைக்கரையில் நீர்ச்செடி பறித்து வழிபாட்டுக்குப் படைப்பதைப் பற்றிய பாடல் ஒன்று உண்டு. அந்தச் செடியை ஆரை என்றே பல உரையாசிரியர்கள் அடையாளம் காண்கிறார்கள். தாய்லாந்தில் பெயர் 'பாக் வேன்'. 'பாக்' கீரை, 'வேன்' கண்ணாடி வில்லை.

வங்காளிகள் இலையை எண்ணவில்லை. அது என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். அங்கே இதற்கு சுஷ்னி என்று பெயர். ஆயுர்வேத நூல்களின் சுனிஷண்ணகம் என்ற சொல்லோடு அது உறவுடையது. சொல்லைப் பிரித்தால் 'நன்றாக அமர்ந்தது' என்று பொருள் வரும். மாலை மங்கியதும் குளக்கரைக்குப் போனால் பெயரின் நியாயம் தெரியும். பகலில் மட்டமாக விரிந்திருந்த நான்கு சிற்றிலைகளும் மேல்நோக்கி எழுந்து ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்கின்றன. சிற்றிலையின் அடியில் இருக்கும் அதைப்பான திசுவில் ஒரு பக்கத்துச் செல்கள் நீரை இழந்து தளர, மறுபக்கத்துச் செல்கள் விறைப்பதால் நடக்கும் அசைவு இது. தூங்குமூஞ்சி மரத்தில் பார்க்கும் அதே தூக்கம். தூங்கும் கீரை தூக்கம் தரும் என்பது வங்காள வீடுகளின் நம்பிக்கை. தூக்கம் வராதவருக்குச் சுஷ்னி சமைத்துக் கொடுப்பது அங்கே பாட்டி வைத்தியம். காளி பூஜைக்கு முந்தைய நாள் சமைக்கும் பதினான்கு கீரைகளில் சுஷ்னிக்கு இடம் உண்டு. இந்திய ஆய்வாளர்கள் இந்த இனங்களிலிருந்து மார்சிலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, விலங்குகளில் அதற்கு அமைதிப்படுத்தும் குணமும் வலிப்பைத் தணிக்கும் குணமும் இருப்பதாக எழுதினார்கள். ஒரு கைப்பிடிக் கீரை சாப்பிட்டவருக்கு அந்த அளவு கிடைக்குமா என்பது வேறு கேள்வி. நம்பிக்கையைச் சோதிக்கலாம் என்று அவர்கள் நினைத்ததே பாராட்ட வேண்டிய விஷயம்.

பேரினத்தின் பெயர் மார்சிலியா. இதில் செடியின் சாயலே இல்லை. லுய்ஜி ஃபெர்டினாண்டோ மார்சிலி என்ற இத்தாலியப் பிரபுவின் பெயர் அது. 1658-இல் போலோஞ்ஞாவில் பிறந்தவர், போர்வீரர், 1683-இல் துருக்கியப் படையிடம் சிக்கி அடிமையாக இருந்து மீண்டவர். டான்யூப் நதியை அளந்தார். பாஸ்பரஸ் நீரிணையில் மேல்நீர் ஒரு திசையிலும் அடிநீர் எதிர்த்திசையிலும் ஓடுவதைச் சோதனையால் காட்டினார். கடலின் இயல்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். மரியாதைக்குரிய மனிதர்தான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு எவராலும் செடியை வயலில் அடையாளம் காண முடியாது. அறிவியல் பெயருக்கு அந்த வேலை தேவையும் இல்லை. வங்காளியும் ஜப்பானியரும் தமிழரும் ஒரே செடியைத்தான் பேசுகிறோம் என்று உறுதிசெய்தால் போதும். மனிதர்கள் சாப்பிட்டுப் பழகி வைத்த பெயர்களின் பின்னால் வேறொன்று இருக்கிறது. அது என்ன என்பதை ஆஸ்திரேலியா காட்டியது, மிகக் கொடூரமான முறையில்.

மத்திய ஆஸ்திரேலியாவின் கூப்பர் ஓடையில் எப்போதாவதுதான் வெள்ளம் வரும். வந்து வடிந்த களிமண் வெளியில் மார்சிலியா ட்ரமண்டி என்ற ஆரை இனம் மண்டும். பிறகு காய்ந்து கருகும். காய்கள் மட்டும் தரையில் கிடக்கும். அங்கே வாழ்ந்த யாந்த்ருவாந்தா மக்கள் இதை 'ங்ஙார்து' என்றார்கள். ஆங்கிலேயர் காதில் அது 'நார்டூ' ஆயிற்று.

1860 ஆகஸ்டு 20 அன்று மெல்போர்னிலிருந்து ராபர்ட் ஓஹாரா பர்க் தலைமையில் ஒரு பெரும் ஆய்வுப் பயணம் கிளம்பியது. தெற்குக் கரையிலிருந்து வடக்குக் கரைவரை கண்டத்தைக் குறுக்காகக் கடப்பது திட்டம். ஒட்டகங்கள் இந்தியாவிலிருந்து வந்தவை. அவற்றோடு கராச்சியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் ஜான் கிங், இந்தியாவில் ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய இளம் ஐரிஷ் வீரர். கூப்பர் ஓடையில் ஒரு குழுவைக் காவலுக்கு விட்டுவிட்டு பர்க், வில்ஸ், கிங், கிரே என்ற நால்வர் டிசம்பர் 16 அன்று வடக்கே போனார்கள். பிப்ரவரியில் வடகரையின் சதுப்பை எட்டினார்கள். திரும்பும் வழியில் கிரே இறந்தார். 1861 ஏப்ரல் 21 மாலை மூவரும் தள்ளாடிக்கொண்டு முகாமுக்கு வந்தபோது அது காலியாக இருந்தது. நான்கு மாதம் காத்திருந்த காவல் குழு அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தது.

மரத்தடியில் புதைத்து வைத்திருந்த உணவு கொஞ்ச நாள் ஓடியது. யாந்த்ருவாந்தா மக்கள் அவர்களுக்கு மீனும் நார்டூ அப்பமும் கொடுத்தார்கள். பெயர் தெரிந்துவிட்டது, சுவை தெரிந்துவிட்டது. ஆனால் அது எந்தச் செடியில் விளைகிறது என்று தெரியவில்லை. தானியம் மாதிரி இருக்கிறதே, மரத்தில் காய்ப்பதாக இருக்கும் என்று எண்ணி நாட்கணக்கில் மரங்களைத் தேடினார்கள். காலடியில் கிடந்ததை ஒருநாள் கிங் கண்டுபிடித்தார். இனிப் பஞ்சமில்லை என்று நம்பி, பொறுக்கினார்கள், இடித்தார்கள், தின்றார்கள். இதற்கிடையே ஒரு தகராறில் பர்க் துப்பாக்கியால் சுட, உணவு கொடுத்து வந்தவர்கள் விலகிப் போய்விட்டார்கள்.

வில்ஸின் நாட்குறிப்பு அதன் பிறகு நடந்ததை நாள்வாரியாகச் சொல்கிறது. வயிறு நிறைகிறது, பசி நன்றாக இருக்கிறது, நார்டூ பிடித்தும் இருக்கிறது. ஆனாலும் உடம்பு நாளுக்கு நாள் தேய்கிறது. கால்கள் நடக்க மறுக்கின்றன. கடைசிப் பதிவுகளில் நாடித்துடிப்பு 48 என்று எழுதியிருக்கிறார். ஜூன் மாதக் கடைசியை ஒட்டி வில்ஸும் பர்க்கும் இறந்தார்கள். கிங் தட்டுத்தடுமாறி யாந்த்ருவாந்தா மக்களிடமே போய்ச் சேர்ந்தார். அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். செப்டம்பர் 15 அன்று தேடுதல் குழு வந்தபோது அவர் மெலிந்து போயிருந்தார், ஆனால் உயிரோடு இருந்தார். அவருக்கு அவர்கள் கொடுத்த உணவிலும் நார்டூ உண்டு.

ஒரே காய் இருவரைக் கொன்று ஒருவரை எப்படிக் காப்பாற்றும்? விடைக்கான திறவுகோல் ஒரு நரிப் பண்ணையில் கிடைத்தது. 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தோலுக்காக வளர்த்த நரிகளுக்குப் பச்சைக் கெண்டை மீனைத் தீனியாகப் போட்டார்கள். நரிகள் கால் விழுந்து செத்தன. பண்ணை உரிமையாளரின் பெயரால் சாஸ்டெக் வாதம் என்று அழைக்கப்பட்ட அந்த நோய், தையமின் என்ற பி1 வைட்டமினைக் கொடுத்ததும் குணமாயிற்று. பச்சை மீனில் தையமினைத் துண்டாடும் ஒரு நொதி இருந்தது. தையமினேஸ் என்று பெயர் வைத்தார்கள். தையமின் இல்லாவிட்டால் நரம்புகளாலும் இதயத்தாலும் மாவுச்சத்திலிருந்து ஆற்றல் எடுக்க முடியாது. தீட்டிய அரிசியை மட்டும் தின்றவர்களுக்கு வந்த பெரிபெரி நோயும் இந்தக் குறைதான். பின்னர் நார்டூவைச் சோதித்தபோது அதில் தையமினேஸ் மிக அதிகமாக இருப்பது தெரிந்தது. 1970களில் நியூ சவுத் வேல்ஸில் வெள்ளம் வடிந்த நிலத்தில் நார்டூ மேய்ந்த ஆடுகள் மூளை பாதிக்கப்பட்டுச் செத்ததற்கும் அதுவே காரணம்.

1994-இல் ஏர்ல், மெக்லியரி என்ற இருவர் நேச்சர் இதழில் இந்த இழைகளை முடிச்சிட்டார்கள். யாந்த்ருவாந்தா பெண்கள் காயைக் கல்லில் அரைக்கும்போது நிறைய நீர் சேர்த்தார்கள். மாவைச் சாம்பல் சூட்டில் அப்பமாகச் சுட்டார்கள். நீர் நொதியை நீர்க்கச் செய்யும், வெப்பம் முடக்கிவிடும். பயணிகள் அந்தப் பக்குவத்தைக் கவனிக்கவில்லை. கிடைத்ததைத் தங்களுக்குத் தெரிந்தபடி இடித்துக் கரைத்தார்கள். பட்டினியும் வைட்டமின் சி குறைவும் அவர்களின் சாவில் எவ்வளவு பங்கு வகித்தன என்பதில் இன்றும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நார்டூ மட்டுமே கொலையாளி என்று நானும் சொல்லமாட்டேன். மீனும் பறவையும் சேர்ந்து தின்பவர் தட்டில் நார்டூ ஒரு பங்கு. பர்க்கின் தட்டில் அது ஏறத்தாழ முழுதும். ஆனால் கிங் பிழைத்ததற்கு ஒரு காரணம் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பெயரைத் தலைமுறைகளாகச் சொல்லிக்கொண்டே அரைத்தவர்கள், சுட்டவர்கள் கையால் அவர் சாப்பிட்டார். வில்ஸிடமும் பர்க்கிடமும் இருந்தது பெயரும் காயும் மட்டுமே. உணவுச்செடியின் பெயர் எங்கே போனாலும் சமைக்கும் முறையும் அதோடு போகவேண்டும். இலக்கணப்படி அது பெயர்ச்சொல்லாக இருக்கலாம். அடுப்படியில் அதற்குள் ஒரு வினைச்சொல்லும் இருக்கிறது.

நம் ஆரைக்குத் திரும்புவோம். தென்னிந்திய வயல்களில் நாம் காண்பது பெரும்பாலும் மார்சிலியா மினியூட்டா. நூல்களிலும் நாட்டுமருந்துக் கடைகளிலும் குவாட்ரிபோலியா என்ற பெயர் பொதுவாக ஒட்டப்படுகிறது. இலையை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். காயைப் பார்க்கவேண்டும். குவாட்ரிபோலியாவில் இரண்டு மூன்று காய்கள் கிளைத்த ஒரே காம்பில், இலைக்காம்பின் அடியிலிருந்து சற்று மேலே தொங்கும். மினியூட்டாவில் காய்கள் அடியிலேயே தனித்தனிக் காம்பில் கூட்டமாக இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு சிறு பற்கள் தெரியும். காயைக் காணாமல் இனத்தின் பெயரைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

நாம் உண்பது இலை, அதையும் வேகவைத்தே உண்கிறோம். பாசிப்பருப்போடு கூட்டு, தேங்காய் தூவிய பொரியல், மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட சாறு என்று எல்லாமே நெருப்பைத் தாண்டித்தான் தட்டுக்கு வருகின்றன. அந்த வழக்கத்தை மாற்ற வேண்டாம். இயற்கை உணவு என்று சொல்லிப் பச்சையாக அரைத்துக் குடிக்கும் புதுப்பழக்கத்தை ஆரையிடம் காட்டக்கூடாது. காய்களைத் தின்னும் மரபு நம்மிடம் இல்லை, புதிதாகத் தொடங்கவும் தேவையில்லை. நீரிழிவுக்கும் அடங்காத தாகத்துக்கும் ஆரையைச் சித்த மருத்துவம் பரிந்துரைக்கிறது. அதற்காகச் சாப்பிடுபவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் செய்வது நல்லது. இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை நீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் குணம் இந்தச் செடிக்கு உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவோ நகரச் சாக்கடையோ கலக்கும் ஏரியில் ஆரை செழிப்பாக, ஆசையைத் தூண்டும் பச்சையில் வளர்ந்திருக்கும். அதைப் பறிக்கக்கூடாது.

சுத்தமான நீர் இருக்கும் வயலில் ஆரைக்கு வேறு பகை. ஜப்பானில் ஒரு காலத்தில் நெல்வயல் எங்கும் களையாகக் கிடந்த வயல் எழுத்துப் புல் இன்று அழியும் ஆபத்துள்ள தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது. களைக்கொல்லிகளும் வயல்களைச் சமன்செய்து வடிகால் போட்டதும் அதைத் துரத்தின. ஐரோப்பாவில் மார்சிலியா குவாட்ரிபோலியாவைச் சட்டம் போட்டுக் காக்கிறார்கள். மார்சிலியின் சொந்தச் சமவெளியான வட இத்தாலியின் நெல்வயல்களிலேயே அது அரிதாகிவிட்டது. அதே இனம் 1862-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து பாண்டம் ஏரியில் அந்நியச் செடியாகத் தென்பட்டு, அங்கிருந்து பரவியது. ஓரிடத்தில் காக்கவேண்டிய அரிய செடி, இன்னோரிடத்தில் வேண்டாத விருந்தாளி.

நம் ஊரில் இரண்டு நிலையும் இல்லை. ஆரை இன்னும் இருக்கிறது, ஆனால் கீரைக்காரம்மாவின் கூடையில் அதைக் காண்பது குறைந்து வருகிறது. நடவு முடிந்த வயலில் களையெடுக்கும் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போகும் கீரைகளில் ஒன்று அது. களையெடுப்பு கூலிவேலையாக இருந்தவரை அந்தக் கீரையும் கூலியோடு சேர்ந்து வந்தது. நட்ட சில நாளிலேயே களைக்கொல்லி தெளித்துவிடும் வயலில் களையெடுக்க ஆள் இறங்குவதில்லை, மடியில் கட்ட ஆரையும் இல்லை. ஆற்றுப்பாசன ஊர்களில் வாய்க்கால் ஓரங்களிலும், மருந்து அடிக்காத வரப்புகளிலும், மழை பெய்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஏரியின் நீர்பிடிப்பு விளிம்பிலும் இப்போதும் தேடலாம். வெயில் ஏறுவதற்குள் போனால் சிற்றிலைகள் முழுதாக விரிந்திருக்கும். நுனி சுருண்ட இளங்காம்புகளோடு சேர்த்துக் கிள்ளி, தண்டை வேரோடு பிடுங்காமல் விட்டுவந்தால், ஈரம் இருக்கும்வரை அதே இடத்தில் மறுபடி தழைக்கும்.